எடை நிற்காத வரை

கோட்டையூரிலிருந்து காரைக்குடி போகும் சாலையில், மர அறுவை மில்லுக்கு அடுத்தாற்போல் ஒரு எடைமேடை இருக்கிறது. நாற்பது டன் வரை தாங்கும். அதன் ஓரத்தில் பஸ் நிலைய டிக்கெட் கவுன்டர் அளவுக்கு ஓர் அறை. அந்த அறையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர் என் சித்தி காளீஸ்வரி. தைலமரக் கட்டை, ஜல்லி, நெல், கருவேல விறகு, இடித்த வீட்டுத் தேக்குத் தூண், பால் என்று இந்த வட்டாரத்தில் லாரியில் ஏறுகிற எதுவும் ஒரு முறையாவது சித்தியின் ஜன்னலைக் கடந்துதான் போயிருக்கும்.

சித்தி குன்றக்குடிப் பக்கம் பிறந்தவர். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் பாஸ் செய்து, டவுன் பஸ் கண்டக்டர் செம்மலையைக் கட்டிக்கொண்டு கோட்டையூர் வந்தார். வேலை சுலபம்தான். லாரி ஏறும். மைக்கில் "முன்னாடி வாங்க, இன்னும் ஒரு அடி, போதும்" என்று சொல்ல வேண்டும். திரையில் எடை ஏறி இறங்கி, ஒரு எண்ணில் நிற்கும். கம்ப்யூட்டர் 'பீப்' என்னும். எஃப் டூ பட்டனைத் தட்டினால் கர் கர் என்று சீட்டு அச்சாகி வரும். பதினெட்டு வருடத்தில் ஒரு சீட்டும் தப்பாகப் போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தப் பதினெட்டு வருடமும் சித்தியின் இடது கை மட்டும்தான் எடை போட்டுக்கொண்டிருந்தது. வலது கை விளையாடிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் 2003இல் வந்தது. விண்டோஸ் 98. வரும்போதே பழையது. சித்தி வேலைக்குச் சேர்ந்த 2006இல், விண்டோஸ் 98ஐச் செய்தவர்களே 'இனி இதை நாங்கள் கவனிக்க மாட்டோம்' என்று அறிவித்துவிட்டார்கள். சித்திக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. இன்டர்நெட் இணைப்பு கிடையாது, அதனால் வைரஸ் வர வழி கிடையாது. வந்திருந்தாலும் உள்ளே இருந்த மரத்தூளைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கும். எடை போடும் புரோகிராம் அந்தப் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்பதால் யாரும் அதைத் தொடவில்லை. அதே பெட்டியில், திரையின் வலது மூலையில், ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஓடும் ஒரு விளையாட்டும் இருந்தது.

மேலே செங்கல் சுவர். கீழே ஒரு மட்டை. நடுவே ஒரு பந்து. மட்டையை இடமும் வலமும் நகர்த்திப் பந்தைத் தட்ட வேண்டும். பந்து போய்ச் செங்கலை உடைக்கும். ஒரு சுவர் முழுக்க உடைந்தால் அடுத்த சுவர் வரும், பந்து இன்னும் வேகமாகும். மொத்தம் மூன்று பந்துகள். மூன்றையும் தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது. முதல் ஐந்து இடங்களைப் பிடித்தவர்களின் பெயர்ப் பட்டியல் வரும்.

சித்தி முதன்முதலில் அதைத் திறந்தபோது பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஆதி, 14,860. நாலே வருடத்தில் இரண்டாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடம் வரை காளி, காளி, காளி, காளி என்று ஆகிவிட்டது. முதலிடம் மட்டும் அசையவில்லை. சித்தியின் உச்சம் 12,340. அந்த ஆதி யாரென்று சித்திக்குத் தெரியாது. ஆனால் செம்மலைச் சித்தப்பாவுக்கே தெரியும் அளவுக்கு அந்தப் பெயர் வீட்டில் புழங்கியது. குழம்பில் உப்புக் கூடினால், "இன்னைக்கும் ஆதி ஜெயிச்சுட்டானாக்கும்" என்பார் சித்தப்பா.

எட்டாவது சுவருக்கு மேல் பந்து கண்ணுக்கே தெரியாது. அப்படியிருந்தும் சித்தி பன்னிரண்டு சுவர் வரை போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கண்டுபிடித்தது பால் வண்டி ஓட்டும் வேல்பாண்டியின் புண்ணியத்தில்.

வேல்பாண்டியின் டேங்கரில் ஒருநாள் பால் பாதிதான் இருந்தது. மேடையில் ஏறி நின்ற பிறகும் உள்ளே பால் தளும்பிக்கொண்டே இருந்தது. எடை 9,410, 9,380, 9,430 என்று ஆடியது, நிற்கவில்லை. சித்தி எதேச்சையாக வலது மூலையைப் பார்த்தார். பந்து, அறுத்துக்கொண்டு ஓடும் பந்து, பலூன் மாதிரி மிதந்து இறங்கிக்கொண்டிருந்தது. எடை நிற்கிறவரை அந்தப் புரோகிராம் 'எவ்வளவு, எவ்வளவு' என்று மேடையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்கிற மும்முரத்தில் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு வேறு எதையும் ஓட்டத் தெம்பிருக்காது. எடை நின்று 'பீப்' அடித்த மறு நொடி பந்து பழையபடி பறக்கும்.

சித்தி இதை யாரிடமும் சொல்லவில்லை, வேல்பாண்டியைத் தவிர. அன்றிலிருந்து அவர் மேடை ஏறியதும் ஒரு அழுத்து அழுத்தி பிரேக் போடுவார், பால் நன்றாகத் தளும்பட்டும் என்று. ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, போதுமா, இன்னும் கொஞ்சம் ஆட்டவா?" என்பார்.

"பாலு வெண்ணெயா ஆயிரப் போகுது, நில்லு!" என்பார் சித்தி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஆனால் ஒரு லாரி எவ்வளவு நேரம் ஆடும்? அரை நிமிடம், ஒரு நிமிடம். அதற்குள் 14,860 எட்டவில்லை.

போன ஆவணியில் எடைமேடையின் சொந்தக்காரர் முத்துராமன் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "ஏத்தா காளி, வியாழக்கிழமை புது கம்ப்யூட்டர் வருது. சீட்டு நேரா போனுக்குப் போயிருமாம். அன்னைக்கு மூணு மணிக்கு மேல எடை கிடையாதுன்னு போர்டு எழுதி வச்சிரு."

"அப்ப பழசு?"

"பழசு என்ன பழசு. வாரவுக எடுத்துட்டுப் போயிருவாக."

சித்தி அன்று இரவு எனக்குப் போன் செய்தார். புது புரோகிராம் முழுக்க இங்கிலீஷாம், லீவு போட்டு வந்து பக்கத்தில் உட்கார வேண்டுமாம். சரி என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் மூணே நாளுதான்டி இருக்கு," என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்கத் தேவையில்லை.

வியாழக்கிழமை காலை நான் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பத்து மணிக்கு ஒரு வேன் வந்தது. புதுப் பெட்டியோடு இறங்கியவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர், கழுத்தில் அடையாள அட்டை. பழைய கம்ப்யூட்டரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அட, இது நாங்க வச்சதுல்ல! நான் வேலைக்குச் சேந்து முதமுதல்ல மாட்டுன மெஷினு. இன்னும் ஓடுதா?"

"ஓடும், ஓடும்," என்றார் சித்தி.

"இதுல ஒரு செங்கல் விளையாட்டு ஒண்ணு போட்டு விட்டேன். இருக்குதா?"

சித்தியின் வலது கை சுட்டுக்கொண்டது போல விசைப்பலகையை விட்டு எழுந்தது. மெதுவாகத் திரும்பி அவர் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்தார். ஆதித்தன்.

"நீங்கதானா அது!"

அவர் குனிந்து பட்டியலைப் பார்த்தார். ஆதி, காளி, காளி, காளி, காளி. சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. "இருபது வருசமாகியும் யாரும் தொடலையா? கஷ்டம்தாங்க. அது ஒரு கைவாகு. எல்லாருக்கும் வராது."

சித்தி பட்டியலை மூடிவிட்டு அடுத்த லாரிக்கு எடை போடத் திரும்பினார். என் அம்மாவின் குடும்பத்தில் பேசாமல் இருந்தால் அது நல்ல அறிகுறி அல்ல.

மதியம் வரை ஆதித்தன் புதுப் பெட்டியை மாட்டினார். வந்த லாரிகளுக்குச் சித்தி பழையதில் எடை போட்டார். மேடையிலிருந்து வரும் வயரைப் பழையதிலிருந்து பிடுங்கிப் புதியதில் சொருகுவது மட்டும் பாக்கி, அதை ஐந்து மணிக்குச் செய்யலாம் என்று ஏற்பாடு. மூன்று மணிக்குப் போர்டு வெளியே போனது. லாரி வரத்து நின்றது. எதிர்க் கடை சோணையம்மாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் வாசலில் சாய்ந்துகொண்டார்.

டீயை உறிஞ்சியபடி ஆதித்தன் பழைய கதையை ஆரம்பித்தார். "அன்னைக்கு மெஷினை மாட்டிட்டு முதல் வண்டிக்காகக் காத்திருந்தேன். ஒரு மாட்டு லாரி ஏறுச்சு. சந்தைக்குப் போற மாடுக. உள்ள ஒரே முட்டல், மோதல். எடை நிக்கவே இல்லங்க. டிரைவரு சலிச்சுப்போய்ச் சாப்பிடப் போயிட்டாரு. ஒரு மணி நேரம் எனக்கு என்ன வேலை? சும்மா ஆடிப் பாப்போம்னு ஆடினேன். முதல் ஆட்டமே பதினாலாயிரம்!"

சித்தி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னீக?"

"முதல் ஆட்டமேன்னேன்."

"அதில்ல. மாட்டு லாரி ஒரு மணி நேரம் மேடையில நின்னுச்சா?"

"ஆமாங்க."

"ஆடிக்கிட்டே நின்னுச்சா?"

"மாடுன்னா ஆடத்தானங்க செய்யும்."

சித்தி சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. "பதினெட்டு வருசமா நான் இந்த மனுசங்கிட்ட தோத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன். மாட்டுக்கிட்டயில்ல தோத்திருக்கேன்!"

ஆதித்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தி விளக்கினார். அவர் நம்பவில்லை. "இல்லங்க, அது திறமை," என்றார்.

"அப்ப இந்தாங்க நாற்காலி. மேடை காலியா இருக்கு. ஆடிக் காட்டுங்க."

ஆதித்தன் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் சுவரில் ஒரு பந்து போனது. விசைப்பலகை சரியில்லை என்றார். இரண்டாவது பந்து போனது. வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றார். சோணையம்மாள் முந்தானையால் ஜன்னலை மறைத்தார். மூன்றாவது பந்தும் போனது. 910.

"பட்டியல்லயே பேரு வரலயே தம்பி," என்றார் சோணையம்மாள்.

ஆதித்தன் இருபது வருடமாக மனதில் வைத்திருந்த ஒரு பெருமை கண் முன்னால் 910 ஆகி நின்றது. நல்ல மனிதர். நாற்காலியை விட்டு எழுந்தார். "அஞ்சு மணிக்கு வயரைப் பிடுங்கணும். அதுவரைக்கும் மெஷின் உங்களுது."

மணி நாலே கால். மேடை காலி. வெளியே போர்டு. சித்தி போனை எடுத்தார். "வேல்பாண்டி, எங்குட்டு இருக்க? பாலு எம்புட்டு இருக்கு? பாதியா? வா, வா, வா!"

பத்து நிமிடத்தில் டேங்கர் வந்து ஏறியது. ஒரு அழுத்து, ஒரு பிரேக். எடை ஆட ஆரம்பித்தது. சித்தி வலது கையை அம்புக்குறி பட்டன்கள் மேல் வைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "மைக்கை நீ எடு. எடை நிக்கப் போனா அவங்கிட்டச் சொல்லு. எனக்கு ஸ்கோரையும் சொல்லு. நான் பந்தைத்தான் பாப்பேன்."

நான் வகுப்பில் பாடம் படிக்கச் சொன்னாலே குரல் வெளியே வராதவள். மைக்கில் "வேல்பாண்டி அண்ணே, நிக்கப் போகுது" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. 'பீப்'. பந்து பாய்ந்தது. சித்தியின் ஒரு பந்து போனது.

"வாயைத் திறந்து சொல்லுடி!"

அடுத்த முறை நான் போட்ட சத்தத்தில் மில்லின் ரம்பமே நின்றது. வேல்பாண்டி முன்னும் பின்னும் வண்டியை ஆட்டினார். பந்து மிதந்தது. மூன்றாவது சுவர், ஐந்தாவது சுவர், ஏழாவது சுவர். ரம்பம் நின்றதால் மில் ஆட்கள் ஆறு பேர் என்னவென்று பார்க்க வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டார்கள். 8,200 என்று மைக்கில் சொன்னேன். ஊருக்கே கேட்டிருக்கும்.

எட்டாவது சுவரின் நடுவே வேல்பாண்டியின் போன் அடித்தது. குளிரூட்டும் நிலையத்திலிருந்து, பால் எங்கே என்று. அவர் முகம் சுருங்கியது. "அக்கா, பாலு திரிஞ்சா என் வேலை திரிஞ்சிரும். போகவா?"

"போ, போ. வேலைதான் முதல்ல," என்றார் சித்தி. கண் பந்திலேயே இருந்தது.

டேங்கர் இறங்கியது. எடை பூஜ்யம். பந்து பாய்ந்தது. இரண்டாவது பந்தும் போயிற்று. ஒரே ஒரு பந்து மிச்சம். 8,640. கடைசிப் பந்து மட்டையின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றது. பட்டனைத் தட்டினால்தான் கிளம்பும். சித்தி தட்டவில்லை. மணி நாலே முக்கால். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"மாடு யார்கிட்டயாச்சும் இருக்கா?" என்றார்.

சோணையம்மாள்தான் முதலில் செருப்பைக் கழற்றினார். "மாடு எதுக்கு? நாங்க இருக்கோம்ல. வாங்கடா மேல!"

மில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மேடையில் ஏறினார்கள். இருநூறு கிலோவுக்குக் கீழே இருந்தால் அந்தப் புரோகிராம் கண்டுகொள்ளாது என்று ஆதித்தன் சொன்னார். ஏழு பேரும் சேர்ந்து 420. "சும்மா நின்னா நின்னுரும். குதிங்க!" என்றேன் மைக்கில். குதித்தார்கள். எடை 300, 560, 380, 510 என்று கூத்தாடியது. சித்தி பட்டனைத் தட்டினார். பந்து பலூனாக மேலே போனது.

ஒன்பதாவது சுவர். பத்தாவது. யாரோ ஒருவர் விசிலடித்தார். சோணையம்மாள் கும்மியில் இறங்கிவிட்டார். அவர் கைதட்டிச் சுற்ற, மில் ஆட்கள் தாளத்துக்குக் குதித்தார்கள். கண்டனூர் போகும் மினிபஸ் நின்று, ஜன்னலெல்லாம் தலையாக வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. 10,900.

அப்போதுதான் முத்துராமனின் பைக் உள்ளே வந்தது. தன் எடைமேடையின் மேல் ஏழு பேர் ஆடுவதைப் பார்த்து, வண்டிக்கு ஸ்டாண்டு போடக்கூட மறந்து நின்றார்.

"ஏய், என்னடா நடக்குது இங்க? மேடை என்னத்துக்காகும்?"

"நாப்பது டன் தாங்கும் சார்," என்றார் ஆதித்தன் ஜன்னல் வழியாக.

"காளி! என்னத்தா இது?"

"அண்ணே, பன்னெண்டாவது சுவரு! அப்புறம் திட்டுங்க!"

எந்தப் பன்னிரண்டாவது சுவர் என்று அவருக்கு என்ன தெரியும்? ஆனால் பதினெட்டு வருடத்தில் சித்தி அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் மில் ஆட்களில் இருவர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். எடை ஆட்டம் சுருங்கியது. 430, 420, 420. நான் மைக்கில் கத்தினேன். "நிக்கப் போகுது, நிக்கப் போகுது! பெரியப்பா, நீங்க ஏறுங்க!" அவரைப் பெரியப்பா என்று நான் அதற்கு முன் கூப்பிட்டதில்லை. அவரோடு பேசியதே இல்லை.

முத்துராமன் வேட்டியை மடித்துக் கட்டினார். 104 கிலோ. அவர் ஒரு குதி குதித்ததும் திரையில் எண் தாறுமாறாக எகிறியது. பந்து கிட்டத்தட்ட நின்றேவிட்டது. சித்தி அதைக் கைக்குழந்தையை ஏந்துவது போல மட்டையில் ஏந்தி, மேலே அனுப்பினார். 12,340 தாண்டியது. 13,000. அவருடைய சொந்த உச்சம் எங்கோ கீழே போய்விட்டது.

"எதுக்குடா குதிக்கிறோம்?" என்று முத்துராமன் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது மைக் வரை கேட்டது.

"தெரியலண்ணே. நிறுத்தினா அக்கா திட்டும்."

14,200. நாலு ஐம்பத்தாறு. முத்துராமனுக்கு மூச்சு முட்டியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மற்றவர்களின் குதியும் தளர்ந்துவிட்டது. எண் அடங்கத் தொடங்கியது. நான் அறைக்குள் திரும்பிப் பார்த்தேன். ஆதித்தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார், கையில் டெஸ்டருடன்.

"மேடை வயரு சரியா இருக்கான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்," என்றார். போய் மேடையில் ஏறினார். கழுத்து அட்டை முகத்தில் அடிக்க அடிக்க, தன்னுடைய சாதனையைத் தானே மிதித்து உடைப்பவர் போலக் குதித்தார்.

பதினாலாவது சுவரில் மூன்று செங்கல்கள் மிச்சம். 14,760. பந்து ஒன்றை உடைத்தது. 14,810. கீழே வந்தது. சித்தி மட்டையில் வாங்கினார். மேலே போனது. 14,860. சமம். நான் அந்த எண்ணைச் சொன்னேனா, கத்தினேனா என்று நினைவில்லை. வெளியே எல்லோரும் ஒரு நொடி குதிப்பதை மறந்து ஜன்னலைப் பார்த்தார்கள். எடை நின்றது. 'பீப்'. பந்து முழு வேகத்தில் பாய்ந்து இறங்கியது.

சித்தியின் வலது கை என்ன செய்தது என்று நான் பார்க்கவில்லை. இடது கை மட்டும் பழக்கத்தில் எஃப் டூ பட்டனைத் தட்டியது தெரியும். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, சுவரில் மோதி, கடைசிச் செங்கலை உடைத்தது. பிறகு வந்த பதினைந்தாவது சுவரில் இரண்டு நொடிகூடத் தாங்கவில்லை. அது யாருக்கு வேண்டும்? 14,910. பிரிண்டர் கர் கர் என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே சித்தி பெயரை டைப் செய்தார்.

வெளியே முத்துராமன் யாரையோ கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அது ஆதித்தன். என்ன நடந்தது என்று பிறகுதான் முத்துராமனுக்கு விளக்கிச் சொன்னோம். முத்துராமன் முழுக்கக் கேட்டுவிட்டு, "விளையாட்டா?" என்றார். "பதினெட்டு வருசமா?" என்றார். பிறகு, "அந்தச் சீட்டைக் குடு," என்றார்.

சீட்டில் இப்படி இருந்தது. வண்டி எண்: ஒன்றுமில்லை. முந்தைய பதிவு அப்படியே நின்றிருந்ததால், சரக்கு: பால். எடை: 590 கிலோ. நேரம்: 4.58. அதில் 104 தன்னுடையது என்பதில் முத்துராமனுக்குத் தனிப் பெருமை. சீட்டு இப்போது அறையின் சுவரில், புதுக் கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

ஐந்து மணிக்கு ஆதித்தன் வயரைப் பிடுங்கினார். பழைய பெட்டியைத் தூக்கி வேனில் வைக்கப் போனார். "வச்சுட்டுப் போங்க," என்றார் சித்தி. ஆதித்தன் முத்துராமனைப் பார்த்தார். "அவ சொன்னதைச் செய்யுப்பா. நான் இன்னொரு தடவை குதிக்க மாட்டேன்," என்றார் முத்துராமன்.

பெட்டி இப்போது சித்தி வீட்டில், டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். மேடை இல்லாததால் பந்து எப்போதும் முழு வேகம்தான். சித்தியின் வீட்டு உச்சம் 4,020. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆதித்தனுக்குப் போன் போட்டார். அந்தக் கம்பெனியில் சின்னத் தராசும் உண்டாம், ஐம்பது கிலோ வரை, அதே வயர் பொருந்துமாம், அதில் ஒரு கிலோவையே புரோகிராம் கண்டுகொள்ளுமாம். ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். சும்மா வரவில்லை. மூன்று வாரமாக அந்த விளையாட்டைத் தனியாகப் பழகியிருக்கிறார்.

தராசில் நிற்காமல் ஆடுகிற ஏதாவது வேண்டும். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைக் கேட்டு வாங்கி வந்தோம். எட்டு கிலோதான், ஆனால் ஒரு நொடி சும்மா நிற்காது. அது இறங்கி ஓடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. சித்தப்பா டூட்டி முடிந்து கண்டக்டர் பையோடு உள்ளே வந்தார். தராசு, ஆட்டுக்குட்டி, தரையில் உட்கார்ந்திருக்கும் நான், ஒரே நாற்காலிக்கு இடித்துக்கொள்ளும் இருவர் என்று வரிசையாகப் பார்த்தார்.

"இவுகதான் அந்த ஆதியா?" என்றார். பையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஆட்டுக்குட்டிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, அதன் விலாவில் விரலால் கிச்சுக்கிச்சு மூட்ட ஆரம்பித்தார்.